எதிர்ல வர்றவரு

ஏனுங்க, அந்த ஜன்னலோரத்த எனக்குக் கொடுக்கறீங்களா? தப்பா நெனைச்சுக்காதீங்க. காத்து மூஞ்சில அடிக்கலைன்னா எனக்கு பஸ்ல வயித்தப் பெரட்டிரும். ஓசூரு வரைக்கும் போகோணும். ரொம்ப நன்றிங்க. நீங்க எதுவரைக்கும்? ஓசூரேவா? அப்பச் சரி, பேச்சுத் தொணைக்கு ஆச்சு.

என்ன பண்றீங்க? காங்கேயத்துல ரைஸ்மில்லுங்களா? சொந்த மில்லா? பாருங்க, ஏறினப்பவே நெனைச்சேன், இவரு சும்மா ஆளு இல்லைன்னு. மிஷின் பாக்கப் போறீங்களாக்கும். நல்லது, நல்லது. உங்க கார்டு ஒண்ணு இருந்தாக் கொடுங்க, பையில வச்சுக்கறேன். பழக்கம்னு ஒண்ணு இருந்தா எப்பவாச்சும் ஆகும். இது நான் படிச்ச படிப்புங்க. விளையாட்டுக்குச் சொல்லலை, நெசமாவே படிச்சது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையாப் போயி எம்.பி.ஏ. படிச்சிருக்கறேன், இந்த வயசுல.

படிச்சு என்ன பண்றது? கூடப் படிச்சவளே கழுத்தறுத்துட்டா.

சத்தமாச் சொல்லிட்டனா? முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்குது. பாக்கட்டும். நான் என்ன இல்லாததையா சொல்றேன்?

கேளுங்க. கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனி. பேரு வேண்டாம், இன்னும் அங்கதான் சம்பளம் வாங்கறேன். பர்ச்சேஸ்ல இருக்கறனுங்க. பி.காம். முடிச்ச கையோட போயிச் சேர்ந்தவன். பம்புக்கு வேணும்கற இரும்பு வார்ப்பு எந்த ஃபவுண்டரில வாங்கறது, எவன் சொன்ன தேதிக்குக் கொடுப்பான், எவன் போனையே எடுக்க மாட்டான், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனா மேனேஜர் சீட்டு காலியானா வெளியில இருந்துதான் ஒருத்தன் வருவான். கழுத்துல டை கட்டிட்டு வருவான். அவன ஃபவுண்டரி ஃபவுண்டரியா நாந்தான் கூட்டிட்டுப் போயிக் காட்டோணும். எல்லாம் பழகினதும் அவன் வேற கம்பெனிக்குப் போயிருவான். மறுக்கா ஒருத்தன் வருவான். மறுக்கா நான் கூட்டிட்டுப் போவேன். ஃபவுண்டரிக்காரங்க என்னையப் பாத்தாலே, "என்னங்க, புது மாப்பிள்ளையா?"ன்னு சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். உள்ள வயிறு எரியும், வெளிய சிரிப்பேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாம எச்.ஆர்.ல போயிக் கேட்டுப்போட்டேன். நான் ஏனுங்க மேனேஜர் ஆகக் கூடாதுன்னு. பி.காம். பத்தாதுங்க, மேல படிச்சிருக்கோணும்னாங்க. அவ்வளவுதானா, படிச்சாப் போச்சு. பொள்ளாச்சி ரோட்டுல ஒரு காலேஜ்ல வேலைக்குப் போறவங்களுக்குன்னே ஞாயித்துக்கிழமை வகுப்பு நடத்தறாங்க. போயிச் சேர்ந்துட்டேன்.

மொத நாளு கோட்டுப் போட்டுட்டு ஒரு சார் வந்தாருங்க. நல்ல பேச்சாளி. அவரு சொன்னாரு, "ஒரு வேலை காலியாகுதுன்னு நோட்டீஸ் போர்டுல வர்றதுக்கு முன்னாடியே அது நாலு பேர் வாயில இருக்கும். அந்த நாலு பேரு யாருன்னு கண்டுபிடிச்சுப் பழகுங்க. அதுக்குப் பேருதான் நெட்வொர்க்கிங்." எனக்கு மண்டையில சுளீர்னு அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க. இத்தன வருசம் நான் ஃபவுண்டரிக்காரன் கூடவும் லாரிக்காரன் கூடவும் பழகியிருக்கறேன். அந்த நாலு பேருல ஒருத்தரு மூஞ்சிகூட எனக்குத் தெரியாது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். பாடம் யாரு வேணாலும் படிக்கலாம். நமக்கு ஆளுங்கதான்.

அதுல ஒரு சிக்கல். புராஜெக்டுன்னு ஒண்ணு பண்ணோணும். ஒரே கம்பெனியில இருந்து ரெண்டு ரெண்டு பேராத்தான் பண்ணோணுமாம். எனக்கு ஜோடி இல்லை. அப்பத்தான் இந்தப் பூங்கோதை ஞாபகம் வந்துச்சு. எங்க ஸ்டோர்ஸ்ல இருக்கற புள்ளைங்க. வர்ற சரக்க இறக்கி, அடுக்கி, வேணும்கறப்ப எடுத்துக் கொடுக்கற எடம். டிகிரி முடிச்சிருந்துச்சு. வாயத் தொறந்து பேசாது. ரெண்டு கொழந்தைங்க, மாமியாரு, புருசன் சாயப்பட்டறையில வேலை. போயிக் கேட்டேன். "ஐயோ, எங்கூட்ல விடமாட்டாங்கண்ணா"ன்னு சொல்லிருச்சு.

நான் விட்டனா? என் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு, தட்டத்துல பழம், பூவெல்லாம் வச்சுட்டு அவங்கூட்டுக்கே போனனுங்க. பொண்ணு கேக்கப் போற மாதிரி. மாமியாக்காரி தட்டத்தப் பாக்கறா, எங்களப் பாக்கறா, ஒண்ணும் புரியலை. விசயத்தச் சொன்னேன். "எங்கூட்டு மருமகளப் படிக்க வைக்க நீங்க யாருங்க?"ன்னு கேட்டுப்போட்டா. நான் யோசிக்கவே இல்லைங்க. "நான் அவளுக்கு அண்ணன்"னேன். அந்தப் புள்ளைக்குக் கூடப் பொறந்த ஆம்பளை யாரும் இல்லை. கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தவ, அழுதுட்டா.

நல்ல மனசோடதான் பண்ணேன். அந்தப் புள்ள முன்னுக்கு வரட்டும்னுதான். ஜோடி இல்லாம எனக்குப் புராஜெக்ட் ஆகாதுங்கறதும் இருந்துச்சுன்னு வைங்க. ஆனா தட்டம் எடுத்துட்டுப் போனது யாரு? நானு. அத யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல?

இன்னொண்ணும் சொல்றேன் கேளுங்க. அவ சின்னதுக்குக் காதுகுத்து வெச்சாங்க. தாய்மாமன் மடியில உக்காத்தி வச்சுத்தான குத்தோணும்? தாய்மாமனுக்கு எங்க போறது? நாந்தான் போயி உக்காந்தேன். அவங்க கோயில்ல, அவங்க சனம் அத்தனையும் சுத்தி நிக்க, என் மடியிலதான் அந்தக் கொழந்தைக்குக் காது குத்துனாங்க. வீல்னு கத்தி என் சட்டையெல்லாம் சளி. நான் மாமன்னு ஆயிட்டேன். இதுக்கு மேல ஒரு ஒறவு என்னங்க வேணும்? அப்பேர்ப்பட்டவ பண்ணியிருக்கறா பாருங்க.

டிக்கெட்டா? எடுத்தாச்சுங்க கண்டக்டரு. ஓசூரு.

எங்க விட்டேன்? ஆங், வகுப்பு. அவ மொத பெஞ்சுல உக்காந்து எழுதுவா. நான் அட்டெண்டன்ஸ் கொடுத்துட்டுக் கேண்டீனுக்குப் போயிருவேன். சும்மா போகலீங்க. அங்கதான் மத்த கம்பெனி ஆளுங்க வருவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசி, டீ வாங்கிக் கொடுத்து, நம்பர் வாங்கி வச்சுக்குவேன். பரீட்சைக்கு முன்னாடி வராண்டாவுல நின்னு அவ சொல்லிக் கொடுப்பா. நான் கேட்டுக்கிட்டே உள்ள போயி அப்படியே எழுதிருவேன். எனக்குக் காதுல கேட்டாப் போதுங்க. சாயங்காலம் வரைக்கும் மறக்காது. படிக்கறதுதான் ஆகாது. பொஸ்தகத்தத் தொறந்தாக் கண்ணு எரியும், பஸ்ல தொறந்தா வாந்தி.

"அண்ணா, இந்த ஒரு பாடத்த மட்டுமாவது நீங்களே படிங்கண்ணா"ன்னு சொல்லுவா. "அம்மிணி, நீ படி. நான் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்தி ஆளுங்களப் புடிக்கறேன்"னு சொல்லுவேன். பங்குதான் அது. ஆளுக்கொரு வேலை.

அப்பத்தான் ரேஸ்கோர்ஸ் விசயம் தெரிய வந்துச்சு. கோயமுத்தூர்ல ரேஸ்கோர்ஸ் பாத்திருக்கறீங்கல்ல, அந்த வட்டமான நடைபாதை? பெரிய பெரிய மொதலாளிங்க எல்லாம் காலைல அங்கதான் நடக்கறாங்க. எங்க கம்பெனி டைரக்டரு ஒருத்தரு, ஜெயவரதன் ஐயா, அவரும் அங்கதான் வர்றாருன்னு கேள்விப்பட்டேன். கம்பெனியில அவரப் பாக்கோணும்னா நாலு கதவத் தாண்டோணும். ரேஸ்கோர்ஸ்ல ஏது கதவு? ஒரு ஜோடி ஷூ வாங்குனேன். சவுரிபாளையத்துல எங்கூட்ல இருந்து காலைல வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன்.

மொத வாரம் ஒண்ணும் ஆகலை. ஏன்னா எல்லாரும் ஒரே பக்கமாச் சுத்தறாங்க. கூடவே நடந்தா முதுகுதானுங்க தெரியுது. முதுகுக்கு எப்படி வணக்கம் வைக்கறது? அப்பறம் ஒரு யோசனை. நான் எதிர்ப்பக்கமா நடக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொரு சுத்துக்கும் எல்லாரு மூஞ்சியும் பாத்தரலாம். ரெண்டு சுத்துச் சுத்தினா ஒவ்வொருத்தருக்கும் நாலு வணக்கம். சில பேரு மொறைச்சாங்க. "ஏப்பா, எல்லாரும் போற பக்கம் போக மாட்டியா?"ன்னாங்க. போகட்டும். மூஞ்சி பதிஞ்சுதா இல்லையா? ஐயாவுக்கே பதிஞ்சிருச்சு. ஒரு நாள் நின்னு, "யாருங்க நீங்க, எதிர்ல எதிர்ல வர்றீங்க?"ன்னு கேட்டாரு.

ஐயா, உங்க கம்பெனிதானுங்க, பர்ச்சேஸ்ல இருக்கறனுங்கன்னு சொல்லி, அப்படியே திரும்பி அவரு கூட நடந்தேன். எம்.பி.ஏ. படிக்கறேன்னும் சொன்னேன். அவருக்குச் சந்தோசம். "இந்த வயசுலயா? பரவால்லியே. புராஜெக்ட் என்ன?"ன்னாரு. "சரக்குத் தேங்கறதப் பத்திங்கய்யா." "நம்ம கம்பெனியிலயா? ஏன் தேங்குது?"

ஏன் தேங்குதுன்னா? பூங்கோதை எழுதிட்டிருந்த புராஜெக்டுங்க அது. அவ சொல்லியிருந்தா, நான் கேட்டும் இருந்தேன். ஆனா வேர்த்து ஊத்தறப்ப எது ஞாபகம் இருக்கும்? டக்குனு போன எடுத்தேன். "ஒரு நிமிசங்கய்யா, நம்ம டீம்ல ஒரு புள்ள இருக்குது, வெவரமாச் சொல்லும்"னு சொல்லி, அவளக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போட்டேன்.

நான் சாமர்த்தியசாலிங்க, இல்லைன்னு சொல்லாதீங்க.

அவ அடுப்படியில நின்னுட்டிருக்கறா. கொழந்தைங்களுக்குச் சோறு கட்டற நேரம். "டைரக்டர் ஐயா கேக்கறாரு, சொல்லு அம்மிணி"ன்னேன். கரண்டிய வைக்கற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் சொன்னா. வார்ப்பு லாரில வருது, இறக்கி அடுக்கிடறோம். மாசங்கழிச்சு மிஷின்ல போடறப்பத்தான் உள்ள ஓட்டை இருக்கறது தெரியுது. அப்ப ஃபவுண்டரிக்காரன் திருப்பி வாங்க மாட்டேங்கறான். அது மறுக்கா ஸ்டோர்ஸுக்கே வந்து தேங்குது. அதனால லாரில இருந்து இறக்கறதுக்கு முன்னாடியே பாக்கோணும். இவ்வளவுதான் சொன்னா. நடுவுல குக்கர் விசில் அடிக்குது. ஐயா சிரிச்சுட்டாரு. "குக்கர எறக்கட்டும், நாளைக்குப் பேசலாம்"னாரு.

மறு நாள் ஐயாவே என்னையப் பாத்து நின்னாரு. நான் எதிர்ல போறதுக்கு முன்னாடியே கையக் காட்டி நிறுத்துனாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? "எங்கீங்க, அந்தக் குக்கர் அம்மாவக் கூப்பிடுங்க"ன்னாரு. கூப்பிட்டேன். அதுக்கப்பறம் அதுவே வழக்கமாப் போச்சு. அவரு கேப்பாரு, அவ சொல்லுவா, நான் நடுவுல போனப் புடிச்சுட்டு நடப்பேன். கையி வலிக்கும். இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்குவேன். ஒரு டைரக்டரு கூடத் தெனமும் ஒருத்தன் நடக்கறான்னா சும்மாவாங்க? எங்க பர்ச்சேஸ்ல அத்தன பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. என் டேபிள்கிட்ட வர்றப்பக் கொஞ்சம் பணிவாவே வந்தாங்க.

ஒரு நாள் போன்ல சார்ஜ் இல்லை. "இன்னிக்குப் போன் இல்லைங்கய்யா"ன்னேன். "அப்படியா, சரி சரி"ன்னு ஐயா வேகமாப் போயிட்டாரு. அன்னிக்கு அவருக்கு ஏதோ அவசரம் போல.

பூங்கோதைதான் மொனகுவா. "அண்ணா, அந்த நேரத்துல கூப்பிடாதீங்கண்ணா, கையில மாவும் கரண்டியுமா நிக்கறேன். நான் வேணா சொல்லித் தர்றேன், நீங்களே ஐயாகிட்டச் சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்." பாருங்க வார்த்தைய. எவ்வளவு நைசாப் பேசியிருக்கறா. "அம்மிணி, இதுக்குப் பேருதான் நெட்வொர்க்கிங். உனக்குப் புரியாது, நீ பேசு"ன்னு நான் சொன்னேன். நாந்தானுங்க சொன்னேன்.

பெருந்துறை தாண்டிட்டமா? நீங்க வேணா கொஞ்சம் கண்ண மூடுங்க. இல்லையா? சரி, கேளுங்க. இனிமேதான் விசயமே.

படிப்பு முடிஞ்சுது. ரெண்டு பேரும் பாஸு. என் சம்சாரம் ஊட்டு வாசல்ல மாட்டறதுக்கு போர்டு செய்யக் கொடுத்தா, பேருக்குப் பின்னாடி எம்.பி.ஏ.ன்னு போட்டு. அந்த நேரத்துல டை கட்டினவன் ஒருத்தன் வேலைய விட்டுட்டுப் போனான். இந்தத் தடவ பர்ச்சேஸையும் ஸ்டோர்ஸையும் ஒண்ணாச் சேத்தி, மெட்டீரியல்ஸ் மேனேஜர்னு ஒரே சீட்டு. உள்ளயே இருக்கறவங்க கேக்கலாம்னு நோட்டீஸ் போட்டாங்க. எனக்குன்னே போட்ட மாதிரி இருந்துச்சுங்க. நோட்டீஸ் போர்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நாலு பேரு வாயில இருக்கும்னு சார் சொன்னாரே, அந்த நாலு பேருல ஒருத்தரு கூடத்தான நான் தெனமும் நடக்கறேன்?

பூங்கோதை வந்தா. எங்கிட்ட வந்து கேட்டா. "அண்ணா, நானும் அப்ளிகேஷன் போடட்டுமாண்ணா? நீங்க வேண்டாம்னா போடலை." நான் சிரிச்சேன். "போடு அம்மிணி. இன்டர்வியூன்னா என்னன்னு ஒரு அனுபவமாச்சு"ன்னேன். விளையாட்டுக்குச் சொன்னனுங்க! அண்ணன் விளையாட்டாச் சொல்றான்னு ஒரு தங்கச்சிக்குத் தெரிய வேண்டாமா?

இன்டர்வியூ அன்னிக்குப் புதுச் சட்டை. உள்ள போனா, நடு நாற்காலியில ஜெயவரதன் ஐயா. எனக்கு உசுரே வந்த மாதிரி ஆயிருச்சு. நல்லா வாய் நெறையாச் சிரிச்சேன். அவரு என்னையப் பாத்தாரு. "அட, நீங்கதான எதிர்ல வர்றவரு?"ன்னாரு. பக்கத்துல இருந்தவருகிட்ட, "தெனமும் எதிர்ல வருவாருங்க"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. சரி, தமாசுக்குச் சொல்றாரு.

அப்பறம் கேட்டாரு. "லாரில இருந்து எறக்கறதுக்கு முன்னாடியே பாக்கோணும்னு உங்க புராஜெக்ட்ல இருக்குது. மழைக்காலத்துல லாரிக்காரன் நிக்க மாட்டானே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

என் கையி தன்னாலச் சட்டைப் பைக்குப் போச்சுங்க. போன் இல்லை. வெளியவே வாங்கி வச்சுட்டாங்க.

ஐயா என் கையவே பாத்துட்டிருந்தாரு. நான் பைய விட்டுக் கைய எடுக்கலை. என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. மழை வந்தா மூடி வைக்கலாம்னு என்னமோ சொன்னேன். அவரு தலைய ஆட்டுனாரு. "சரிங்க, போயிட்டு வாங்க"ன்னாரு. எனக்கு அடுத்து அவ உள்ள போனா. ரொம்ப நேரம் ஆச்சு வெளிய வர்றதுக்கு. கதவுக்கு வெளியில உக்காந்திருந்தேன், உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. குக்கர்னு யாரோ சொன்னதும் கேட்டுச்சு.

அவளுக்குத்தானுங்க கொடுத்தாங்க.

ஸ்டோர்ஸ்ல மூலையில கெடந்தவ. நான் தட்டம் எடுத்துட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தவ. என் போன்ல, என் காசுல, கை வலிக்க வலிக்கப் போனப் புடிச்சு நான் பேச வச்சவ. ஐயாகிட்ட அவ குரலக் கொண்டு போயிச் சேத்தினது யாரு? இன்னிக்கு எனக்கு மேல உக்காந்திருக்கறா. லீவு வேணும்னா நான் அவகிட்டக் கேக்கோணும். இன்னிக்குத் தலைவலின்னு லீவு போட்டுட்டு வந்திருக்கறேன்.

அன்னிக்கு ஸ்வீட் எடுத்துட்டு என் டேபிளுக்கு வந்தா. கண்ணெல்லாம் தண்ணி. "நீங்க இல்லைன்னா எனக்கு இது இல்லைங்கண்ணா"ன்னா. "அது தெரியுதுல்ல? அப்பறம் எதுக்கு ஒத்துக்கிட்டே? எங்கண்ணன் இருக்கறப்ப எனக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை உன் வாயில வந்துச்சா?"ன்னு கேட்டேன். ஸ்வீட்ட நான் தொடலை. வெளிய போனேன், வண்டிய எடுத்தேன், எங்க போறேன்னே தெரியாம ரேஸ்கோர்ஸ்ல போயி நின்னேன். அந்த வெயில்ல அங்க ஒரு ஆளு இல்லை. பெஞ்சுல உக்காந்து அழுதனுங்க. வெக்கமில்லாமச் சொல்றேன், அழுதேன். எங்கப்பன் செத்தப்பக்கூட அப்படி அழுகலை. மடியில காது குத்துனாங்களே, அதுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. வேற எவனாவது டை கட்டினவன் வந்திருந்தா, எப்பவும் போலன்னு சிரிச்சுட்டுப் போயிருப்பேன். கூடப் பொறந்தவளா நெனைச்சவ பண்ணினதத்தான் தாங்க முடியலை.

ஊட்டுக்குப் போயி சம்சாரத்துகிட்டச் சொன்னேன். அவளாவது நாலு வார்த்தை திட்டுவான்னு பாத்தேன். அரிசி பொடைச்சுட்டிருந்தா. நிமுந்துகூடப் பாக்கலை. "நீங்க நடந்தீங்க, அவ படிச்சா"ன்னா. அவ்வளவுதான். இவளும் அந்தப் பக்கம்தான். யார நம்பறதுங்க? அந்த போர்டு இன்னும் பீரோவுக்குப் பின்னாடி கெடக்குது.

ரேஸ்கோர்ஸா? போறனுங்க. ஆனா ஐயா இப்பெல்லாம் என்னையப் பாத்தா வெறும் வணக்கத்தோட சரி. நிக்கறதில்லை. அவரையும் வளைச்சுப் போட்டுட்டா பாத்தீங்களா?

அங்கயே பழக்கமான இன்னொருத்தரு மூலமாத்தான் இந்த ஓசூரு கம்பெனி. சாயங்காலம் இன்டர்வியூ. உங்க புராஜெக்ட எடுத்துட்டு வாங்க, அதப் பத்தித்தான் பேசோணும்னு சொல்லியிருக்காங்க. இந்தா, பையில இருக்குது. எப்படி பைண்டிங் பண்ணியிருக்குது பாருங்க. நடுவுல ஒரு பக்கத்துல வட்டம் வட்டமாப் போட்டு அம்புக்குறி எல்லாம் வச்சிருக்கறா. இத... இது. இதத்தான் கண்டிப்பாக் கேப்பாங்க. என்னன்னு எனக்குத் தெரியணுமில்ல?

படிக்கலாம்தான். பஸ்ல படிச்சா எனக்கு வாந்தி வரும்னு சொன்னனே.

அவகிட்டயா? நான் அவகூடப் பேசறதில்லைங்க. அஞ்சாறு மாசமாப் பேச்சே இல்லை. ஆபீஸ் விசயம்னா மெயில்ல போட்டுருவேன். அவ பேரையே போன்ல இருந்து அழிச்சுட்டேன். நம்பரு மனப்பாடமா இருக்குது, அதுக்கு நான் என்ன பண்றது? தெனமும் அடிச்ச நம்பரு.

ஒரு நிமிசம் கேட்டுட்டு வச்சுடலாமா? ஒரு நிமிசம்தான? ஆபீஸ் விசயம் மாதிரிதான இதுவும்?

ரிங் போகுது. உங்களுக்கும் கேக்கட்டும், ஸ்பீக்கர்ல போடறேன். எப்பேர்ப்பட்டவன்னு நீங்களே கேளுங்க.

"அண்ணா! தலைவலி எப்படிங்கண்ணா இருக்குது?"

பாத்தீங்களா, லீவ எப்படி நோண்டறா. "ம், இருக்குது."

"மாத்திரை போட்டீங்களாண்ணா? பாப்பா நேத்துக்கூடக் கேட்டா, மாமன் ஏன் வர்றதே இல்லைன்னு. நீங்க கூப்பிட்டீங்கன்னு சொன்னா..."

"அது இருக்கட்டும். நம்ம புராஜெக்ட்ல நடுவுல ஒரு வட்டம் போட்டிருக்குதே, அது என்னது?"

லைன் கட்டாயிருச்சுங்களா? இல்லை, ஓடிட்டுத்தான் இருக்குது. "அம்மிணி?"

"இதுக்கா அண்ணா கூப்பிட்டீங்க?"

என்ன கேள்வி இது? வேற எதுக்குக் கூப்பிடுவாங்க? "ஆமா. சீக்கிரம் சொல்லு."

"...சொல்றேண்ணா. சரக்கு லாரில இருந்து கெளம்பி எங்கெங்க சுத்தி மறுக்கா ஸ்டோர்ஸுக்கே வருதுங்கறதுதான் அந்த வட்டம். ஒவ்வொரு எடத்துலயும் எத்தன நாள் நிக்குதுன்னு பக்கத்துல எழுதியிருக்கும். எந்த எடத்துல நாள் ஜாஸ்தியோ அங்க மட்டும் கைய வச்சாப் போதும். மத்த எடத்துல ஆளப் போட்டு ஒண்ணும் ஆகாது. அவ்வளவுதாண்ணா. பஸ் சத்தம் கேக்குது. எங்கண்ணா போறீங்க? சரி, சொல்ல வேண்டாம். நல்லாப் பண்ணிட்டு வாங்கண்ணா."

நீங்க என்னங்க கைய நீட்டறீங்க? பேசணுமா? என்ன... சரி, பேசுங்க. அம்மிணி, இங்க பக்கத்துல ஒருத்தரு, காங்கேயத்துல ரைஸ்மில்லு. நெல்லு மூட்டை தேங்குதாம். அதுக்கும் இது ஆகுமான்னு கேக்கறாரு.

"வணக்கமுங்க. ஆகுமுங்க. நெல்லுல ஈரம் எப்பப் பாக்கறீங்க? எறக்கினப்பறமா, லாரி மேலயேவா?... எறக்கினப்பறம்தானுங்களா. அப்ப உங்களுக்கும் அங்கதானுங்க தேங்கும். ஒரு சீசன் கணக்க வச்சுப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

சரி சரி, போதும் அம்மிணி, வச்சுடறேன். டவர் போயிரும்.

கேட்டீங்கல்ல? எப்படி இருக்குது பேச்சு? "நல்லாப் பண்ணிட்டு வாங்க"ன்னு எனக்கு ஆசீர்வாதம் பண்றா! இதுக்கா கூப்பிட்டீங்கன்னு எப்படிக் கேட்டா பாத்தீங்களா? என்னமோ நான் தப்புப் பண்ணிட்ட மாதிரி.

என்னங்க?

யாரு நம்பரு? அவ நம்பரா?

ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்து நான் உங்ககிட்ட என்னத்தச் சொல்லிட்டு வந்தேன்? இல்லை, நான் கேக்கறேன், என்னத்தச் சொல்லிட்டு வந்தேன்?

...சரி. எழுதிக்குங்க. வேண்டாம், உங்க போன இப்படிக் கொடுங்க, நானே அடிச்சுத் தர்றேன். பூங்கோதை. மெட்டீரியல்ஸ் மேனேஜர்னும் போட்டிருக்கறேன். இந்தாங்க.

அதுக்குக் கீழ இன்னொண்ணும் போட்டுக்குவீங்களா? இத்தன நேரமாப் பேசிட்டு வர்றோம், நீங்க எம் பேரக் கேக்கவே இல்லைங்க.

தண்டபாணிங்க. தண்டபாணி, எம்.பி.ஏ.